எல்லையை இறுக்கியபின் குடியேறியோர் தொகை பெருகியது எப்படி? டக்ளஸ் மாஸியின் ஆய்வுகள் பற்றிய சில ஐயங்கள்

யாழினி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. குடியேற்றம், இனக்குழு அடையாளம், மக்கள்தொகை மாற்றம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த ஒரு சமூகவியலாளரின் வாழ்நாள் பணியை எடுத்துக்கொண்டு கருத்தரங்கக் கட்டுரை எழுதும்படி எங்கள் துறையில் பணித்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாஸியைத் தேர்ந்தெடுத்தேன். சில வாரங்களாக அவர் எழுத்துகளைப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க மூன்று ஐயங்கள் எழுந்து, அவற்றைத் தீர்த்துக்கொள்ளாமல் கட்டுரையைத் தொடங்க இயலவில்லை.

முதலாவது, தரவைப் பற்றியது. ஆவணமின்றி மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும் ஒருவர் எந்தப் பதிவேட்டிலும் தம் பெயர் ஏறக் கூடாது என்றே விரும்புவார். அப்படிப்பட்டவர் எந்த ஆண்டில் போனார், எவ்வளவு கூலி பெற்றார், எத்தனை முறை பிடிபட்டார் என்பதையெல்லாம் மாஸி அட்டவணை போட்டுக் காட்டுகிறார். இதை எப்படி நம்புவது?

இரண்டாவது, காரணத்தைப் பற்றியது. 2016இல் அவரும் ஹோர்ஹே துராண்டும் கேரன் பிரென்னும் எழுதிய கட்டுரை, 1986இலிருந்து 2008க்குள் அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்வோர் தொகை 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சமாக உயர்ந்தது என்கிறது. அதே காலத்தில் எல்லைக் காவலர் எண்ணிக்கை 5 மடங்கும், காவல் நேரம் 4 மடங்கும், பண ஒதுக்கீடு 20 மடங்கும் ஆகியிருக்கின்றன. காவல் பெருகியும் தொகை பெருகியது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. காவல் பெருகியதனாலேயே தொகை பெருகியது என்கிறார்கள். இரண்டு எண்கள் சேர்ந்து உயர்ந்தன என்பதைக் கொண்டு ஒன்றை மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறலாமா?

மூன்றாவது, 1993இல் அவர் நான்சி டென்டனுடன் எழுதிய ‘அமெரிக்கன் அபார்தைட்’ என்ற நூல் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் தனிப் பகுதிகளுக்குள் ஒதுக்கப்பட்டதைப் பற்றியது. மெக்சிகோ ஆய்வுகளுக்கும் இதற்கும் என்ன உறவு? இவற்றை ஒரே ஆய்வுப் பணியாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா?

விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் மிக்க நன்றியுடையவளாவேன்.

க. இராசமாணிக்கம் – பதில்

யாழினி, நல்ல கேள்விகள். நான் மக்கள்தொகையியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மாஸியின் ஆய்வு முறையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். முதல் கேள்விக்கு இப்போது விடை தருகிறேன். இரண்டாவதற்கு அதன்மேல்தான் விடை கட்ட முடியும்.

ஆவணமற்ற தொழிலாளியை கலிபோர்னியாவின் தக்காளித் தோட்டத்தில் தேடிப் பிடித்து வினவினால் அவர் வாய் திறக்க மாட்டார் என்பது உண்மை. மாஸியும் துராண்டும் 1982இல் மெக்சிகோ குடிபெயர்வு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு நேரான வழியைக் கண்டார்கள். துராண்ட் குவாதலஹாராவைச் சேர்ந்த மானிடவியலாளர். மேற்கு மெக்சிகோவின் கிராமங்களை நன்கு அறிந்தவர். ஹலிஸ்கோ, மிச்சோவாகான், குவானாஹுவாட்டோ, சக்கட்டேக்காஸ் ஆகிய மாநிலங்களில் வடக்கே வேலைக்குப் போவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரயில்பாதைக்கு ஆள் சேர்த்த காலத்திலிருந்தே வழக்கம். 1942 முதல் 1964 வரை பிரசேரோ என்ற அரசு ஒப்பந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கானோர் பருவ வேலைக்குச் சட்டப்படி சென்று திரும்பினார்கள். தந்தையும் மாமனும் போய்வந்த பாதையில் மகன் போவதை அந்த ஊர்களில் யாரும் மறைப்பதில்லை. ஆகவே கேள்வியை அமெரிக்காவில் கேட்காமல், அவர்கள் சொந்த வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டார்கள். அதுவும் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருப்பவர்களை அப்போதுதான் நேரில் பார்க்க முடியும்.

ஒவ்வோர் ஊரிலும் பொதுவாக 200 வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய படிவத்தை நீங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கேள்விகள் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டிருக்கவில்லை. வரிசையும் நிரையுமாகக் கட்டங்கள்தான் இருக்கின்றன. ஆய்வாளர் இயல்பாகப் பேச்சுக் கொடுத்து, கிடைக்கும் செய்தியைக் கொண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். குடும்பத் தலைவரின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதுகிறார்கள்: எந்த ஆண்டில் என்ன வேலை, எப்போது திருமணம், எப்போது பிள்ளை பிறந்தது, எப்போது நிலம் வாங்கினார், எப்போது வடக்கே போனார், எந்த இடத்தில் எல்லை கடந்தார், யாருடன் கடந்தார், ஆள் கடத்தும் தரகரான கொயோட்டேவுக்கு எவ்வளவு கொடுத்தார், எத்தனை முறை பிடிபட்டார். திருமணமும் பிள்ளைப்பேறும் நினைவுக்குக் கொளுக்கிகளாக நிற்பதால், ‘மூத்தவன் பிறந்த மறுவருடம் இரண்டாம் தடவை போனேன்’ என்ற வகையில் ஆண்டுகள் ஓரளவு சரியாகவே அமைகின்றன.

இந்த ஆண்டுவாரி வரலாற்றின் பயனை உங்கள் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். 1990இல் வினவப்பட்ட 60 வயதுக்காரர் ஒருவர் 1950களின் பயணத்தையும் சொல்லிவிடுகிறார். இப்படி ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைகளைச் சேர்க்கும்போது, ஒவ்வோர் ஆண்டிலும் முதல்முறை புறப்படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, போனவர் அந்த ஆண்டுக்குள் திரும்புவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடலாம். அமெரிக்க அரசின் கையில் இருந்ததோ பிடிபட்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை மட்டும். ஒரே ஆள் மூன்று தடவை பிடிபட்டால் அது மூன்று என்று பதியும். திரும்பிப் போனவரை எல்லையில் எவரும் எண்ணவே இல்லை. போவோரையும் திரும்புவோரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தில்தான் மாஸியின் பணி முழுவதும் நிற்கிறது என்பது என் கருத்து.

இவ்விருவரும் எண்களோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹலிஸ்கோவின் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் மாதா கோயில் போன்ற தலங்களில், வடக்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் தகரத் தகட்டில் படம் வரைவித்து நேர்த்திக்கடனாகச் சாத்துவார்கள். ஆற்றில் மூழ்காமல் கரை சேர்ந்தது, காவலர் கண்ணில் படாமல் தப்பியது, அயலூர் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிந்து எழுந்தது என்று ஒவ்வொரு தகட்டிலும் ஒரு நிகழ்ச்சி. கீழே பெயர், ஊர், தேதியுடன் நன்றி வாசகம். துராண்டும் மாஸியும் இவற்றைத் திரட்டி 1995இல் தனி நூலாக வெளியிட்டார்கள். கருத்தாய்வுப் படிவத்தில் அச்சத்துக்குக் கட்டம் கிடையாது. அந்த அச்சம் பதிவாகியிருப்பது இந்தத் தகடுகளில்தான்.

அமுதவல்லி – பதில்

இராசமாணிக்கம் ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும் மாணவி ஒருவர் கட்டுரை எழுதும்போது இந்த முறையின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் பெண்களின் இடப்பெயர்வை ஆராய்பவள். என் கவலைகள் அந்தப் பக்கமிருந்தே வருகின்றன.

வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஊர்களை அப்படி எடுக்கவில்லை. முதலில் ஆராய்ந்தவை பெரும்பாலும் மேற்கு மெக்சிகோ ஊர்கள். அதாவது குடிபெயர்வு ஏற்கெனவே வேரூன்றிய பகுதிகள். பிற்காலத்தில் வேறு மாநிலங்களும் சேர்ந்து, இன்று ஊர்களின் எண்ணிக்கை 170ஐ எட்டியிருக்கிறது என்பது இந்தக் குறையைப் பெரிதும் குறைத்தாலும், 1987இல் வெளிவந்த முதல் நூல் நான்கு ஊர்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்பதை மறக்கலாகாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, விரிவான வாழ்க்கை வரலாறு குடும்பத் தலைவருக்கே எழுதப்பட்டது என்பதாகும். தலைவர் என்றால் பெரும்பாலும் ஆண். ஊரில் தங்கிய மனைவி என்ன நினைத்தாள், போக வேண்டாம் என்று தடுத்தாளா, பின்னால் தானும் புறப்பட்டது கணவன் அழைத்தா, அவனை மீறியா என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. குடிபெயர்வு என்பது குடும்பம் கூடிச் செய்யும் முடிவு என்ற கருத்தை சமூகவியலாளர் பியரெட் ஹொன்தான்யு-சொத்தேலோ 1994இல் வெளியிட்ட நூலில் வலுவாக மறுத்தார். கணவன் தன் விருப்பப்படி புறப்பட்டுப் போனதும், மனைவியர் தங்கள் சகோதரிகள், தோழியர் வழியாகத் தனியே ஓர் உதவி வலையை உண்டாக்கி, அதன் துணையோடு வடக்கே போய்ச் சேர்ந்ததும் அவருடைய களப்பணியில் தெரியவந்தன. முன்னே போனவர்கள் பின்னே வரும் உறவினருக்கு உதவுவதாக மாஸி மிக அழகாக விளக்கும் உறவினர் வலை, ஆண்களுக்கு ஒன்றாகவும் பெண்களுக்கு வேறொன்றாகவும் இயங்கியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கடினமான கேள்வி உண்டு. ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டால், குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டவர்களின் வீடு பூட்டித்தானே கிடக்கும்? அவர்கள் கணக்கில் வருவதில்லை. இதை ஈடுகட்ட, அந்தந்த ஊரிலிருந்து அமெரிக்காவில் நிலைத்துவிட்ட சில குடும்பங்களை அறிமுகத்தின் வழியே தேடிப் பிடித்து வினவினார்கள். ஆனால் அது சிறிய எண்ணிக்கை. குலுக்கல் முறையும் அன்று. ஆகவே திரும்பி வருவோர் இந்தத் தரவில் அளவுக்கு மிஞ்சித் தெரிகிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. திரும்புவதை மையமாக வைத்து வாதிடும் ஆய்வில் இது சிறிய குறை அன்று.

தரவு பொதுவில் இருப்பதால் பிறர் அதை மாஸியின் முடிவுகளுக்கு எதிராகவும் பயன்படுத்த முடிகிறது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சமூகவியலாளர் பிலிஸ் கரிப் 2016இல் வெளியிட்ட நூலில் இதே தரவைக் கொண்டு, மெக்சிகோவிலிருந்து போனவர்கள் ஒரே வகையினர் அல்லர், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்தால் புறப்பட்ட நான்கு வகையினர் என்று காட்டினார். பருவத்துக்குப் போய்வந்த உழவர், நெருக்கடி தள்ளிவிட்ட இளைஞர், முன்னே போனவரைத் தொடர்ந்த குடும்பத்தினர், நகரத்திலிருந்து போனவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் ஒரே கோட்பாடு பொருந்தாது.

யாழினி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அமுதவல்லி அம்மா எழுப்பிய மூன்றாவது குறை என் இரண்டாவது கேள்வியைத் தொடுகிறது. திரும்புவோர் தரவில் மிகையாகத் தெரிகிறார்கள் என்றால், எல்லைக் காவலால் திரும்புதல் குறைந்தது என்ற முடிவு நிற்குமா? மேலும், 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ நாணயம் சரிந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேலைவாய்ப்பு பெருகியது. தொகை உயர்ந்ததற்கு இவை போதாவா? ஐயா இதையும் விளக்க வேண்டுகிறேன்.

க. இராசமாணிக்கம் – பதில்

அமுதவல்லி சொன்ன குறை மெய்யானது; ஆயினும் அது எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று பாருங்கள். தரவு திரும்புவோரையே மிகுதியாகக் காட்டக்கூடியது என்றால், அந்தத் தரவிலேயே திரும்புதல் குறைந்து வருவது தெரியும்போது, மெய்யான குறைவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குடும்பத்தோடு போனவர்களைச் சேர்த்தால் மாஸியின் வாதம் வலுப்படுமே தவிர வலு இழக்காது.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கதையை 1986இல் தொடங்கினால் புரியாது. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் பேர் பிரசேரோ ஒப்பந்தத்தில் சட்டப்படி வந்து போனார்கள். நிரந்தரக் குடியேற்ற அனுமதியும் மெக்சிகோவினருக்கு ஏறத்தாழத் திறந்தே இருந்தது. 1964இன் முடிவில் ஒப்பந்தத் திட்டம் மூடப்பட்டது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மேற்கு அரைக்கோளத்துக்கு, அதாவது அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளிலிருந்து குடியேறுவோர் தொகைக்கு, முதல்முறையாக ஓர் உச்சவரம்பை விதித்தது. அது 1968இல் நடைமுறைக்கு வந்தது. 1976இல் மெக்சிகோவுக்கும் ஆண்டுக்கு 20 ஆயிரம் என்று வரம்பு கட்டினார்கள். தோட்டங்களில் வேலை குறையவில்லை. வேலைக்குப் போகும் ஊர்களும் மாறவில்லை. முன்பு சட்டப்படி போனவர்களே இப்போது சட்டத்துக்குப் புறம்பாகப் போனார்கள், அவ்வளவுதான். ஆட்கள் அதே ஆட்கள். ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஓயாமல் அலறியது இந்தப் பெயர் மாற்றத்தின்பேரில்தான் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு இதனால் குலைந்திருக்கிறது.

1965 முதல் 1985 வரையிலான காலத்தில், ஆவணமின்றி நுழைந்த 100 நுழைவுகளுக்குச் சுமார் 85 வெளியேற்றங்கள் இருந்தன என்று மாஸி மதிப்பிட்டார். பெரும்பாலோர் வீடு கட்டவும், நிலம் வாங்கவும், தங்கைக்குத் திருமணம் முடிக்கவும் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை தந்தது. கூடவே எல்லைக் காவலையும் பெருக்கத் தொடங்கியது. எல்லை நகரங்களான எல் பாசோவில் 1993இலும் சான் டியகோவில் 1994இலும் காவலர்களை எல்லையோரமாக நெருக்கி நிறுத்தினார்கள். சான் டியகோ எல்லை அதுவரை மிகுதியாகப் பயன்பட்ட வழி. அது அடைபட்டதும் மக்கள் சொனோரா பாலைவனத்தின் வழியே அரிசோனாவுக்குள் நடந்தார்கள்.

இங்கே நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு முயற்சியில் பிடிபடும் வாய்ப்பு நெடுங்காலம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. பிடிபட்டவர் திருப்பி அனுப்பப்பட்டு, ஓரிரு நாளில் மறுபடி முயன்றார். முடிவில் ஏறக்குறைய எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஆகவே காவல் நுழைவைத் தடுக்கவில்லை. அது மாற்றியவை வேறு: கடக்கும் இடம், கொயோட்டேவுக்குக் கொடுக்கும் பணம், தாகத்தாலும் வெயிலாலும் சாகும் ஆபத்து. இவ்வளவு செலவும் ஆபத்தும் தாங்கி உள்ளே வந்தவர், அறுவடை முடிந்ததும் ஊருக்குப் போய் அடுத்த ஆண்டு மறுபடியும் அதே பாலைவனத்தைக் கடக்கத் துணிவாரா? தங்கிவிட்டார். ஆண்டுகள் கடந்ததும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார். சான் டியகோ வழி அடைபட்டதால் கலிபோர்னியாவுக்குப் போவது குறைந்து, முன்பு மெக்சிகோவினர் மிகக் குறைவாக இருந்த மாநிலங்களிலும் குடியேறினார்கள்.

பெசோ சரிவைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நாணயம் சரிந்ததும் அமெரிக்காவில் வேலை பெருகியதும் தொகை உயர்வுக்கு முதன்மைக் காரணமென்றால், முதல்முறை புறப்படுவோர் விகிதம் அதற்கு ஈடாக ஏறியிருக்க வேண்டும். தரவில் அப்படி ஏறவில்லை. மாறியது திரும்பும் விகிதம். போவதையும் திரும்புவதையும் தனித்தனியே கணக்கிட்டிருந்ததால்தான் இப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்தது. இதற்குமேல் ஒரு திருத்தம் வேண்டுமானால், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை பெற்றவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டதும் நிலைத்தலுக்கு ஒரு காரணம் என்று சேர்த்துக்கொள்ளலாம். அதைக் காவலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மக்கள்தொகை மாற்றம் இந்தக் கதையில் கடைசியாக வந்து நிற்கிறது. என் பாடம் என்பதால் இதைச் சற்று ஆவலோடு சொல்கிறேன். 1960களில் மெக்சிகோவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 பிள்ளைகள் பிறந்தனர். 2000களின் பிற்பகுதியில் அது 2ஐச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. ஆண்டுதோறும் வேலை தேடத் தொடங்கும் இளைஞர் கூட்டம் சுருங்கியது. முதல் பயணம் போகும் வயது பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியும் இருபதுகளின் தொடக்கமும் ஆகையால், இந்தச் சுருக்கம் குடிபெயர்வில் நேராகத் தெரிந்தது. 2008க்குப் பிறகு, மெக்சிகோவிலிருந்து ஆவணமற்ற குடிபெயர்வு நிகர அளவில் ஏறத்தாழ பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ ஆனது. வேலி கட்டாமல் விட்டிருந்தாலும் இந்த ஓட்டம் தானே தணிந்திருக்கும் என்று மாஸி வாதிடுவது இதை வைத்துத்தான். அவர் கருத்தோடு உடன்படாதவர்களும் பிறப்பு விகித வீழ்ச்சியை மறுப்பதில்லை.

நெடுஞ்செழியன் – பதில்

மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. நான் நகரமைப்புத் துறையில் பணியாற்றுகிறேன். மாஸி எனக்கு அறிமுகமானது ‘அமெரிக்கன் அபார்தைட்’ நூலின் வழியே. இரண்டு பணிகள் அல்ல, ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குச் சான்று அவருடைய முனைவர் பட்ட ஆய்விலேயே இருக்கிறது. 1978இல் பிரின்ஸ்டனில் அவர் அளித்த ஆய்வேடு, அமெரிக்க நகரங்களில் ஸ்பானிய மொழி வழியினர் எந்த அளவுக்குத் தனித்து வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது. குடியேறி வந்தவர் முதலில் தம்மவர் வாழும் தெருவில் இறங்குகிறார். வருமானமும் படிப்பும் உயரும்போது வெளியே பரவுகிறார். அவர் பிள்ளைகள் அண்டை வீட்டாரோடு கலக்கிறார்கள். இத்தாலியரும் போலந்தியரும் அப்படித்தான் பரவினார்கள். லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆசிய வழியினரும் ஓரளவு அப்படியே பரவுவதை அவர் எண்களில் கண்டார். கறுப்பின மக்களுக்கு மட்டும் இந்த விதி வேலை செய்யவில்லை. வருமானம் உயர்ந்தாலும் அவர்கள் தனித்தே வாழும்படி ஆகியிருந்தது. குடியேற்றத்தை அளந்த அதே அளவுகோலே இந்த விதிவிலக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

பலரும் பயன்படுத்தும் அளவு, இரு குழுக்கள் நகரத்தில் எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டுகிறது. அது 80 என்றால், சமமாகப் பரவுவதற்குக் கறுப்பினத்தவரில் 100க்கு 80 பேர் வேறு பகுதிக்கு இடம் மாற வேண்டும் என்று பொருள். 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிக்காகோவும் டெட்ராய்ட்டும் 80ஐத் தாண்டி நின்றன. மாஸியும் டென்டனும் இந்த ஓர் அளவு போதாது என்று கூறி, தனிமைப்படுதல், நெருக்கமாக அடைபடுதல், நகர மையத்தில் குவிதல், பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி அமைதல் ஆகியவற்றையும் தனித்தனியே அளந்தார்கள். ஐந்தில் நான்கேனும் மிக உயர்ந்திருக்கும் நகரங்களை மிகை ஒதுக்கம் கொண்டவை என்று 1989இல் வகைப்படுத்தினார்கள். பால்டிமோர், கிளீவ்லாந்து, மில்வாக்கி, பிலடெல்பியா முதலியவை அந்தப் பட்டியலில் இருந்தன. வறுமை பெருகியதற்குக் காரணம் தொழிற்சாலைகள் மூடப்பட்டதும் நடுத்தரக் கறுப்பினத்தவர் வெளியேறியதும் என்று சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் வாதிட்டிருந்தார். வேலை போனது எல்லாருக்கும் பொது; ஒதுக்கம் இருந்த இடத்தில்தான் அதன் அடி முழுவதும் ஒரு சில தெருக்களின்மேல் விழுந்தது என்பது மாஸியின் மறுமொழி.

அந்த ஒதுக்கம் தானாக விளைந்ததல்ல என்பதை நூலின் முதல் அதிகாரங்கள் விளக்குகின்றன. 1930களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடனுக்குத் தகாதவை என்று குறித்தது. வீட்டு விற்பனைப் பத்திரத்தில் ‘கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது’ என்று நிபந்தனை எழுதினார்கள். அதை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. 1968இல் வந்த வீட்டுவசதிச் சமத்துவச் சட்டத்தில் அமலாக்க அதிகாரம் பலவீனமாக இருந்தது. நகரமைப்பில் வேலை செய்கிற எனக்கு இந்தப் பகுதிகளைப் படிக்கும்போது மனம் கனத்தது. வரைபடத்தில் ஒரு வண்ணக் கோடு எத்தனை தலைமுறைகளின் வாழ்வைக் கட்டுகிறது என்பதை அலுவலகத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனக்குழு அடையாளத்தைப் பற்றி அவர் எழுதியதையும் விட்டுவிடாதீர்கள். மகாலி சான்செசுடன் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் சிலரிடம் ஒருமுறை பயன்படுத்தும் கேமராக்களைக் கொடுத்து, தங்களுக்கு ‘அமெரிக்கத்தன்மை’ என்று படுவதையும் ‘லத்தீன்தன்மை’ என்று படுவதையும் படம் பிடிக்கச் சொன்னார்கள். முதல் வகையில் கட்டடங்கள், நினைவுச் சின்னங்கள், கார்கள், கடைகள் மிகுந்து மனிதர் குறைந்திருந்தனர். இரண்டாம் வகையில் பெரும்பாலும் மனிதர்கள். அந்நாட்டில் நாள் செல்லச் செல்ல ஒருவர் தம்மை அமெரிக்கராக உணர்வார் என்று பழைய கோட்பாடு எதிர்பார்த்தது. ஒதுக்கப்பட்ட அனுபவம் கூடக்கூட அந்த உணர்வு குறைவதையே இந்த ஆய்வு பதிவு செய்தது.

ஆகவே யாழினி, கட்டுரையை இரண்டு பகுதியாகப் பிரிக்காமல், வாழுமிடம் என்ற ஒரே கேள்வியில் தொடங்கி, 1978ஆம் ஆண்டு ஆய்வேடு, 1987ஆம் ஆண்டு மெக்சிகோ நூல், 1993ஆம் ஆண்டு நூல் என்ற வரிசையில் எழுதுங்கள். மெக்சிகோ திட்டத்தின் தரவும் படிவங்களும் பொதுவில் கிடைப்பதால், இராசமாணிக்கம் ஐயா சொன்ன திரும்பும் விகிதத்தை ஏதேனும் ஓர் ஊருக்கு நீங்களே 1986க்கு முன்னும் பின்னும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அமுதவல்லி அம்மா சொன்ன பூட்டிய வீடுகளை நினைவில் வைத்துக்கொண்டு செய்தால் கருத்தரங்கில் எழும் முதல் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கும்.